கடைசி 128 பைட்

டிவிடியில் பாட்டு ஏற்றுவது சுலபமான வேலை. வெற்றுத் தட்டைச் செருக வேண்டும், ஃபைல்களை இழுத்துப் போட வேண்டும், பர்ன் என்கிற பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு டீ குடித்து வர வேண்டும். கால் மணி நேரத்தில் தட்டு வெளியே வந்துவிடும். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பெயர் வைத்தாகணும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு தலைப்பு வேணும். இந்தப் பாட்டு யாருடையது? பாடினவருடையதா, மெட்டுப் போட்டவருடையதா, எழுதினவருடையதா, திரையில் வாயசைத்தவருடையதா? இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு ஃபைலைக்கூட எங்கேயும் வைக்க முடியாது. இசை விமர்சனம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதத் தெரிந்த நாலு பேர் மட்டும் செய்த விமர்சனம் இல்லை இது. ரைட்டர் வைத்த கணினி இருந்த வீடுகளிலெல்லாம் நடந்தது.

சில மாதங்களாகப் பெரியப்பாவின் கேசட்டுகளை டிவிடியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு மயிலாடுதுறைப் பக்கம். நூற்றுச்சொச்சம் கேசட்டுகள், மூன்று வகை. கடையில் காசு கொடுத்து வாங்கினவை ஒரு வகை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கினவை இன்னொரு வகை. மூன்றாவது, கோயில் திருவிழாக்களில் அவரே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்த நாகஸ்வரக் கச்சேரிகள்.

“இந்தக் காலத்துல போய் டிவிடியா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் மடிக்கணினியில் தட்டு போடும் வாயே கிடையாது. தனியாக ஒரு ரைட்டர் வாங்க வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஆனால் ஹார்ட் டிஸ்கில் எதையும் முடிவு செய்யாமலே காலம் தள்ளலாம். ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’ என்று வருஷக்கணக்காகக் கிடக்கும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய தட்டு அப்படி விடாது. எழுதி மூடியபிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது. எனக்கு அந்த நெருக்கடி தேவைப்பட்டது.

ஒவ்வொரு ஊடகமும் தனக்குள் வந்த இசையைத் திருத்தியிருக்கிறது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். மணிக்கணக்கில் தோடி வாசிப்பவர் என்று பெயரெடுத்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டுக்கு வாசித்தபோது அந்தக் கணக்குக்குள்தான் வாசித்தார். எல்பி வந்தபோது ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30. சிடியில் மொத்தம் 74, பிறகு 80. இவையெல்லாம் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: எதை விடுவது?

டிவிடி வந்ததும் அந்தக் கேள்வி மாறிவிட்டது. உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கணினி எண்ணும் முறை வேறு என்பதால் திரையில் 4.38 என்று காட்டும். சிடியில் இருக்கும் அதே ஒலியை அப்படியே வைத்தால் அதில் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3யாகச் சுருக்கினால் சுமார் 80 மணி நேரம். அதாவது 60 நிமிட கேசட் எண்பது, ஒரே தட்டில். பெரியப்பா முப்பது வருஷமாகச் சேர்த்தது இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும். இப்போது எதையும் விட வேண்டியதில்லை. எதை எங்கே வைப்பது, என்ன பெயரில் வைப்பது என்பது மட்டும்தான் மிச்சம். தேர்வு செய்கிற விமர்சனம் போய், பெயரிடுகிற விமர்சனம் வந்துவிட்டது.

இந்தப் பெயர் விஷயம் ஒலிப்பதிவு இந்தியாவுக்கு வந்த நாளிலேயே தொடங்கியது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃப்ரெட் கைஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக ஒலிப்பதிவு செய்தார். பாடியவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று சொல்வது அவருடைய தட்டுகளில் கேட்கும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவருக்குக் கப்பலில் போய்த் தட்டுகளாக அச்சாகி வர வேண்டும். அங்கே வேலை செய்தவர்களுக்கு நம்ம ஊர் மொழியும் தெரியாது, குரலும் தெரியாது. எந்த லேபிளை எதில் ஒட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகப் பாடியவரே கடைசியில் தன் பெயரைச் சொன்னார். இன்று அதைக் கேட்கும்போது தொழிற்சாலைக்குச் சொன்ன தகவல் மாதிரியா இருக்கிறது? ஒரு பெண் தன் பாட்டுக்குக் கீழே போட்ட கையெழுத்து மாதிரி இருக்கிறது.

தொண்ணூற்றுநாலு வருஷம் கழித்து, 1996இல், எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 ஃபைலுக்குள் பெயர் எழுத ஒரு வழி கண்டுபிடித்தார். ஐடி3 என்று பெயர். அதன் முதல் வடிவம் எங்கே உட்கார்ந்திருக்கும் தெரியுமா? ஃபைலின் கடைசியில், சரியாகக் கடைசி 128 பைட்டில். கௌஹர் ஜான் நின்ற அதே இடம். பாட்டு முடிந்த பிறகு, பெயர்.

ஆனால் கௌஹர் ஜான் தான் யார் என்பதைத் தானே சொன்னார். இங்கே படிவம் முன்கூட்டியே அச்சாகிவிட்டது. அடையாளத்துக்கு 3 பைட், பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. ஆக 128. இதை ஒரு இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள். கலைஞர் என்பது ஒருமை. இசையமைப்பாளருக்குத் தனி இடம் கிடையாது. பாடலாசிரியருக்குக் கிடையாது. வாசித்தவர்களுக்குக் கிடையவே கிடையாது. தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, அதை ஆல்பமாக வெளியிடுகிற ஒருவரை மனசில் வைத்துச் செய்த சட்டை இது. நம்ம ஊர் பாட்டுக்கு அதை மாட்டினால் எங்கெல்லாமோ பிடிக்கும்.

இசை வகைக்கு இருந்த ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த பட்டியலில் 80 வகைகள். போல்கா உண்டு, கிறிஸ்டியன் ராப் உண்டு. நாட்டுப்புற இசை என்ற பொருளில் ஃபோக் என்பதுகூட அதில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். திருவாரூர்த் தேரோட்டத்தில் வாசித்த மல்லாரியை இதில் எங்கே வைப்பது? கிளாசிகல் என்று வைக்கலாம், எத்னிக் என்று வைக்கலாம், அதர் என்று வைக்கலாம். அந்த வரிசையில் படிக்கும்போது நமக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துவிடும்.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். ஒரே பாட்டை நம் ஆட்கள் எஸ்பிபி பாட்டு என்பார்கள், ராஜா பாட்டு என்பார்கள், வாலி பாட்டு என்பார்கள், ரஜினி பாட்டு என்றும் சொல்வார்கள். நாலும் சரிதான். நாலு பேரும் நாலு விதமாகக் கேட்கிறார்கள். பேச்சில் இந்த நாலு கேட்டலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, சண்டை போட்டுக்கொண்டாவது இருந்தன. எம்பி3 தட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பெரும்பாலான தட்டுகளில் இசையமைப்பாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் படத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். எழுதியவர் காணாமல் போனார். கண்ணதாசனின் ஃபோல்டர் என்று ஒன்றை வீட்டில் எரித்த தட்டுகளில் நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். திரை இசை பற்றி என் வயதுக்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இசையமைப்பாளரைச் சுற்றியே வருவதற்கு இந்த ஃபோல்டர் வரிசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எந்த வரிசையில் கேட்டோமோ அந்த வரிசையில்தான் யோசிக்கிறோம்.

இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது இன்னொரு கதை. சிடியில் ஒலி இருந்தது. பெரும்பாலான சிடிகளுக்குள் பெயர்கள் இல்லை. கணினியில் போட்டால் ‘ட்ராக் 01’ என்றுதான் வரும். தட்டில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை வைத்துத் தட்டை அடையாளம் கண்டு பெயர்களைத் தருகிற சிடிடிபி போன்ற தரவுத்தளங்கள் 90களில் வந்தன. அதில் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் உன்னையும் என்னையும் போல யாரோ. ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து, உறையைப் பார்த்து, ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அவர்கள் போட்ட எழுத்துப்பிழை இன்றும் பல ஃபைல்களில் உயிரோடு இருக்கிறது. கேட்பவர்களே சேர்ந்து உண்டாக்கிய ஒரு பெரிய பொருளடக்கம் அது. பிறகு இணையத்திலிருந்து இறக்கிய பாட்டுகளின் காலம் வந்ததும் அதுவும் கெட்டது. கலைஞர் என்ற இடத்தில் பாட்டை ஏற்றின தளத்தின் முகவரி. பாடகி இருக்க வேண்டிய முப்பது பைட்டில் விளம்பரம்.

ஐடி3யின் இரண்டாம் வடிவத்தில் இசையமைப்பாளருக்கு இடம் உண்டு, பாடலாசிரியருக்கும் உண்டு. குறையெல்லாம் சரி செய்துவிட்டார்கள். ஆனால் கட்டம் இருக்கிறது என்பதற்காக யாரும் நிரப்பிவிடுவதில்லை.

தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். யூனிகோடில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். துணைக்கால் ஒரு குறி, கொம்பு ஒரு குறி, புள்ளியும் ஒரு குறி. ‘ராஜரத்தினம்’ என்று எழுதினால் மொத்தம் 11 குறிகள், 33 பைட். பழைய படிவத்தில் கலைஞருக்கு இருப்பது 30. கடைசிக் குறி வெட்டுப்படும். ‘ராஜரத்தினம’ என்று புள்ளி இல்லாமல் நிற்பார். நாகஸ்வரச் சக்கரவர்த்திக்கு ஒரு புள்ளி போட இடமில்லாத படிவம். அந்தப் படிவம் செய்தவருக்கு இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. எப்போதும் அப்படித்தான். யாரும் வேண்டுமென்று விலக்குவதில்லை, கட்டத்தின் அளவே விலக்கிவிடுகிறது.

ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளில் வேறு மாதிரி ஒரு கையெழுத்து கிடைத்தது. சில பெட்டிகளுக்குள் பெரியப்பா எழுதிக் கொடுத்த பட்டியல் மடித்து வைத்திருந்தது. பாட்டின் முதல் அடி, எதிரே படத்தின் பெயர். கேசட்டை ஓடவிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் பக்கத்தின் முடிவில் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு வரும். மிஞ்சின மூன்று நிமிடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டது. “அந்த ஆளுக்கு நல்ல காது” என்றார் பெரியப்பா. “நான் குடுத்த பட்டியலைப் பாத்துட்டு இதுக்கு அப்புறம் இதுதான் வரணும்னு போடுவாரு.” ஒரு வாடிக்கையாளரின் பட்டியலைப் படித்து, அதற்கு ஒரே ஒரு பாட்டில் பதில் சொன்ன மனிதர். நான் படித்த எத்தனையோ இசைக் கட்டுரைகளைவிட அது நல்ல விமர்சனம். அந்தப் பாட்டுகளை நான் தனி ஃபைலாகப் பிரிக்கவில்லை. பிரித்தால் அவர் சொன்ன பதில் போய்விடும். கேசட்டின் ஒரு பக்கம், ஒரு ஃபைல். துண்டு போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்பி3 ஒவ்வொரு ஃபைலின் முனையிலும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கு இறங்குகிற இடத்தில் அந்தத் துளி கல்லாக இடறும்.

உண்மையான சிக்கல் மூன்றாவது வகையில். திருவிழாப் பதிவுகள். உறையில் ஊர் பெயர் இருக்கிறது, திருவிழாவின் பெயர் இருக்கிறது, நாகஸ்வரக்காரர் பெயர் இருக்கிறது. தவில் வாசித்தவர் பெயர் பாதிக்கு மேல் கேசட்டுகளில் இல்லை. பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறேன். சிலரை ரெண்டு அடியிலேயே பிடித்துவிடுகிறார். சிலதுக்கு, “தெரிஞ்ச கைதான்... பேருதான் வரமாட்டேங்குது” என்று கண்ணை மூடிக்கொள்கிறார். இன்னும் சில வருஷத்தில் இந்தக் கையைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். சத்தம் தட்டில் பத்திரமாக இருக்கும். ஆள் இருக்கமாட்டார்.

“ஷஸாம்ல போட்டுப் பாரேன்” என்றான் ஒருத்தன். ஷஸாம் ஒரு பதிவை ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் பதிவோடு பொருத்திப் பார்க்கிறது. வெளியே வராத பதிவு அதனிடம் எப்படி இருக்கும்? ஒரு கையை இன்னொரு கையிலிருந்து பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. அதற்கு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இலக்கியம் படிக்கிற நண்பர்கள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். பெயர் எதற்கு? ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இலேயே எழுதிவிட்டாரே, ஒலி இருக்கிறது, கேட்டால் போதாதா? பார்த்தின் வாதத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் கொன்றது பெயர் அட்டையில் பெரிதாக அச்சான ஒருவரை. அந்தப் பெயர் பிரதியின் எல்லா அர்த்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பதுதான் அவருடைய புகார். தவில்காரர் பெயர் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. பிறப்புச் சான்றிதழே கொடுக்காத ஆளுக்கு எப்படி இறப்புச் சான்றிதழ் எழுதுவது? நூறு வருஷத்துக்கு முந்தைய தட்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி என்று பாடின பெண்களின் பெயராவது ஊரோடு சேர்ந்து நின்றது. அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்களின் பெயரைப் பல லேபிள்களில் பார்க்க முடியாது. பிற்காலத்தில் ரஹ்மானின் பல ஆல்பங்களின் உறையில் புல்லாங்குழல் யார், கிடார் யார் என்று படித்தபோது ஏற்பட்ட ஆச்சரியத்துக்குக் காரணம் இதுதான். அதற்கு முன்னால் அந்த வாத்தியங்கள் தாமாகவே ஒலித்துக்கொண்டிருந்தன என்று நினைத்திருந்தோம் போல. அந்த உறைகளையும் நாம் எம்பி3 ஆக்கும்போது தூக்கிப் போட்டுவிட்டோம்.

பெயர் தெரியாத ஃபைலைக் கணினியில் ஏற்றினால் மென்பொருள் தானாகவே ‘அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’ என்று எழுதிவிடும். என் கணினியில் அப்படி ஒரு கலைஞர் பெயரில் நாற்பது மணி நேர இசை சேர்ந்துவிட்டது. ஒரு விதத்தில் நம் காலத்தின் மிகப் பெரிய இசைக் கலைஞர் அவர்தான்.

இந்த இடத்தில் எனக்கு உதவி வேறொரு தொகுப்பாளர்களிடமிருந்து வந்தது. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே வேலைதான் இருந்தது. கைக்கு வந்த பாட்டுகளைப் பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும். அவர்கள் அகப்பாடல்களை நீளத்தை வைத்துப் பிரித்தார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. கொள்ளளவு பார்த்து ஃபோல்டர் பிரிப்பது நாம் கண்டுபிடித்தது இல்லை. அகநானூற்றில் அதற்கும் மேலே போனார்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி, நாலில் முடிந்தால் முல்லை, ஆறில் மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ‘ட்ராக் 01’ என்பதையே ஒரு வாசிப்பாக மாற்றிய ஆட்கள்.

புலவர் பெயர் தெரியாதபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பாட்டுக்குள் இருந்த ஒரு நல்ல தொடரை எடுத்து, அதையே பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டின் புலவர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். யாரோ ஒரு தொகுப்பாளர் அந்தப் பாட்டை ஆழ்ந்து படித்து, இதில் உயிர் இருக்கிற இடம் இது என்று விரல் வைத்திருக்கிறார். ‘தெரியாது’ என்பதற்குப் பதிலாக ‘இதைச் சொன்னவர்’ என்று எழுதியிருக்கிறார். ரெண்டாயிரம் வருஷத்துத் தமிழ் விமர்சனத்தில் இதைவிடச் சுருக்கமான வரி எனக்குத் தெரியவில்லை. பெயரும் அதுவே, மதிப்புரையும் அதுவே.

இளையராஜா 1986இல் சினிமாவுக்கு வெளியே ஒரு இசைத்தொகுப்பு கொண்டுவந்தார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பிரதானம். அதன் தலைப்பு ‘ஹவ் டு நேம் இட்’. எப்படிப் பெயர் வைப்பது என்பதையே பெயராக வைத்த தொகுப்பு. வீட்டுத் தட்டுகளில் அது எந்த ஃபோல்டரிலும் ஒழுங்காக உட்காராமல், இளையராஜா என்பதற்குக் கீழே, படங்களுக்கு நடுவில், படம் மாதிரியே கிடக்கும். அதை எந்த இடத்தில் வைக்கிறார் என்று பார்த்தே ஒருவர் எப்படிக் கேட்கிறார் என்று சொல்லிவிடலாம்.

நான் செய்தது இதுதான். திருவிழாப் பதிவுகளைச் சுருக்காமல் தனித் தட்டுகளில் வைத்தேன், தட்டு கூடினாலும் பரவாயில்லை என்று. ஃபோல்டர்களுக்கு ஊர் பெயர், ஏனென்றால் அந்த இசை ஊரோடு வந்தது. ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, அதில் நாகஸ்வரம், ஒத்து, தவில், தாளம் என்று தனித்தனி வரி. தவில் பெயர் தெரியாத இடத்தில் ‘அன்னோன்’ இல்லை. ஒரு பதிவில் தனி நடக்கும்போது தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது. தவில்காரர் ஒரு கணம் நிறுத்தி, அதே ஹாரனைத் தொப்பியில் வாசித்துக் காட்டிவிட்டுத் தாளத்துக்குத் திரும்புகிறார். கூட்டம் சிரிப்பது கேட்கிறது. அவரைப் ‘பேருந்துக்கு விடை சொன்னார்’ என்று எழுதியிருக்கிறேன். இன்னொருவர் மழை வந்து கூட்டம் கலைந்த பிறகும் முத்தாய்ப்பு வைக்காமல் எழுந்திருக்காதவர். அவர் ‘மழையிலும் முடித்தார்’.

தட்டும் நிரந்தரம் இல்லை. எழுதும் டிவிடியில் இருப்பது ஒரு சாயம். வெயிலும் ஈரமும் பட்டால் வெளுக்கும். அதனால் பெயர்களை ஒரு தாளில் கையால் எழுதி ஒவ்வொரு உறைக்குள்ளும் வைத்திருக்கிறேன். நான் வைத்த பெயர்கள் எல்லாம் பேனாவில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். அந்தக் கையைத் தெரிந்த யாராவது ஒருவர் எங்காவது இருக்கலாம். அவர் கேட்டுவிட்டு, அட இது நம்ம இன்னார் ஆச்சே என்று சொன்னால் எழுதுவதற்கு.